நிலமாங்காயும் ஒரு சத்தியமும்

சாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1128 ஆனி, செவ்வாய்க்கிழமை

பம்பாயில் இருக்கும் சிரஞ்சீவி ஆறுமுகநயினாருக்கு, அம்மை பகவதியம்மாள் மனம் ஓரிடத்தில் நில்லாமல் எழுதிக்கொள்வது. நீ சுகமாயிருக்க சுசீந்திரம் தாணுமாலயன் துணை. இங்கே உன் மகள் பொன்னம்மை சுகம். நான் சுகம். உன் பெண்டாட்டி பாகீரதிக்குத்தான் சுகமில்லை.

உன் மாமனார் கோலப்பபிள்ளை எனக்கு முந்தியே உனக்கு எழுதியிருப்பார். நாகர்கோவிலில் இருந்து குடையும் பையுமாக வந்து நம் முன்னறையில் குடியிருக்கிறார். அவர் இங்கிலீஷில் எழுதியது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் எழுத்துக்கூட்டி எழுதுவதையும் படித்துவிட்டு நீ தீர்மானம் செய். உன் கல்யாணப் பந்தலில் “மாப்பிள்ளைக்க அம்மைக்கு எழுதத் தெரியுமா, இல்லே கைநாட்டு வைக்க மைப்பெட்டி எடுக்கணுமா” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்த வாத்தியார் அவர். அன்றைக்கு அவர் தோளில் கிடந்த நேரியலில் பச்சைக் கரை. நெய்ச்சோற்றுக் கறை ஒன்றும் அதில் இருந்தது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

பாகீரதிக்கு வந்திருப்பது மஞ்சப்பித்தம். முதலில் சோறு இறங்கவில்லை என்றாள். பத்தியத்துக்கு நான் வைத்த மிளகுரசத்தைக் கண்டால் மூக்கைப் பொத்தினாள். என் சமையலுக்கு எப்போதும் காட்டும் முகம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு கண் மஞ்சளாயிற்று. இப்போது நகக்கண், உள்ளங்கை, நாக்கின் அடி எல்லாம் மஞ்சள். அவள் புரண்டு படுத்த இடத்தில் வெள்ளைத் துப்பட்டியிலும் மஞ்சள் ஏறுகிறது. எழுந்து உட்காரப் பலமில்லை. பொன்னம்மையைப் பக்கத்தில் அண்ட விடுவதில்லை. பிள்ளை நடைவாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். எண்ணெய் கூடாது, குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க வேண்டும், படுத்தே இருக்க வேண்டும். இதற்கென்று தனி மருந்து ஒன்றும் இல்லை, ஈரல் தானாகத் தேற வேண்டும் என்றார். தானாகத் தேறாவிட்டால் என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னம்மையைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சந்தில் சுசீலாபாய் இருக்கிறாளே, அவள் மருமகன் இதே தீனத்தில்தான் போன மாதம் போனான். கல்லைத் தூக்கி எறிகிற பையன். மஞ்சளாய்க் கிடந்தான், பிறகு பிதற்றினான், பிறகு இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் இருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களையில் நின்றால் அவள் அறைக்குப் போகத் தோன்றுகிறது. அங்கே போனால் பின்வாசலுக்குப் போகத் தோன்றுகிறது.

நான் வேலாயுதன் ஆசானைக் கூட்டிவந்தேன். உன் அப்பாவுக்கு முட்டுவலி வந்தபோது தைலம் காய்ச்சிக் கொடுத்தாரே, அந்த ஆசான்தான். நாடி பார்த்து, கண் இமையை மலர்த்திப் பார்த்து, நிலமாங்காய் கிடைக்குமா என்று கேட்டார். நீ பட்டணத்துக்காரன் ஆகிவிட்டாய், உனக்குத் தெரிந்திருக்காது. பழைய கரையான் புற்றில் கரையான் போனபிறகு, மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி விளைந்து கிடக்கும். மேல்தோல் கறுப்பு. உள்ளே தேங்காய்ப் பருப்புப் போல வெள்ளை. கிழங்கு இல்லை, அது ஒரு காளான் என்று ஆசான் சொன்னார். மழை பிடித்தால் அதில் இருந்து கறுப்புக் கறுப்பாய் விரல் போல மேலே முளைக்கும். பாலில் உரைத்துக் கொடுத்தால் ஈரல் தெளியும், பிள்ளை பெற்றவளுக்கும் நல்லது, குழந்தைகளின் வாந்திக்கும் நல்லது என்பது அவர்கள் பரம்பரையில் கண்டது. நிச்சயம் குணமாகுமா என்று கேட்டேன். “அம்மா, குணமானவங்களை நான் கண்டிருக்கேன். குணமாகாதவங்களையும் கண்டிருக்கேன். குளுக்கோஸை நிறுத்தாண்டாம், இதையும் கொடுங்கோ” என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. நிச்சயம் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேன்.

சாலைக் கடைத்தெருவில் மருந்துச் சரக்கு விற்கிற அங்காடிக்கடை அத்தனையும் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்தால் உள்ளே வண்டு அரித்த பொடி. போன வருஷத்துச் சரக்கு. ஆசான் முகர்ந்து பார்த்துவிட்டுத் தூரப் போட்டார். பச்சையாய் வேண்டும் என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பின்முற்றத்துப் புற்றில் கறுப்பு விரல் முளைத்திருக்கிறது.

பாகீரதி ஆயில்யம்தோறும் பாலும் மஞ்சளும் விடுகிற அதே புற்றில்தான். கரையான் அதில் எப்போதோ ஒழிந்துபோய்விட்டது. விரல் முளைத்தால் கீழே நிலமாங்காய் உண்டு. என் அம்மை வீட்டுத் தோப்பில் சின்ன வயதில் நான் கண்டிருக்கிறேன். மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் மருந்து கைக்கு வந்துவிடும். ஆனால் இவள் விடமாட்டேன் என்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்தப் புற்றைச் சுற்றி வந்துதான் பொன்னம்மை பிறந்தாள் என்பது அவள் நம்பிக்கை. “அது நாகரு தந்த பிள்ளையாக்கும் அத்தை. அவருக்க வீட்டை இடிச்சு எனக்கு மருந்து எடுத்தா, பிள்ளைக்கு என்ன வரும்? நான் போனாலும் போறேன், அதைத் தொடப்பிடாது” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் மாமனாருக்கு இரண்டு நியாயம். புற்றைத் தொட்டால் நாகதோஷம், அது ஒன்று. சைவர் வீட்டில் காளான் புலாலுக்குச் சமம், இது இன்னொன்று. காளான் தின்று என் மகள் பிழைக்க வேண்டாம் என்று முன்னறையில் இருந்து சொன்னார். நான் அவரோடு நேரே பேசுவதில்லை. கதவைப் பார்த்து, மருந்துக்குச் சைவமும் இல்லை அசைவமும் இல்லை என்று சொன்னேன். நாளைக்கே நானே தோண்டப்போகிறேன், தடுக்கிறவர் தடுக்கட்டும் என்றும் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

சொன்னேனே தவிர, அவள் அப்படிக் கிடக்கும்போது அவள் சொல்லைத் தாண்டி என் கை மண்வெட்டிக்குப் போகவில்லை. நீ புருஷன். தோண்டட்டும், தோஷம் வராது, நான் சொல்கிறேன் என்று நீ ஒரு வரி எழுதினால் அவள் கேட்பாள். தந்தி என்றால் இன்னும் நல்லது.

பொன்னம்மை பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் “ஆச்சீ, விசக்குந்நு” என்கிறாள். பசிக்கிறது என்று தமிழில் சொன்னால்தான் சோறு என்றேன். உடனே சொல்லிவிட்டாள். அடுக்களை ஓடு ஒழுகுகிறது. அது கிடக்கட்டும். தந்தி கொடு.

உன் அம்மை,
பகவதியம்மாள்

*

சாலை, திருவனந்தபுரம்
ஆனிக் கடைசி, திங்கட்கிழமை

சிரஞ்சீவி ஆறுமுகநயினாருக்கு, உன்னிடம் கோபத்தோடும் வேறு யாரிடமும் சொல்ல முடியாமலும் அம்மை எழுதுவது.

நான் உனக்கு எழுதினேன். நீ பதிலை உன் மாமனாருக்கு எழுதினாய். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னறையில் நின்று வாசித்தார். முதலில் இங்கிலீஷில், பிறகு எனக்காகத் தமிழில். “அம்மையை ஒன்றும் செய்யவிடாமல் பார்த்துக்கொள்ளவும், அவர்கள் முன்கோபம் தாங்களும் அறிந்ததே.” இதைத்தானே எழுதினாய்? ‘அவர்கள்’ என்று மரியாதை வைத்து எழுதியிருக்கிறாய். இதை நான் மறந்துவிடுவேன் என்று நினைக்காதே. ஆனால் இன்று அதைப் பேச நேரமில்லை.

நம் புற்றைத் தொட வழியில்லை என்று ஆனபிறகு, காட்டில் இருந்து பச்சை நிலமாங்காய் கொண்டுவரலாமே என்று ஆசானிடம் கேட்டேன். வித்துரா சந்தைக்கு மலையில் இருந்து காணிக்காரர்கள் தேனும் கிழங்கும் கொண்டு இறங்குவார்கள், அவர்களிடம் கிடைத்தாலும் கிடைக்கும் என்றார். அனுப்ப ஆளில்லை. மழை கொட்டுகிறது. யாரிடமும் சொல்லாமல் கிழக்கு வெளுக்குமுன் தம்பானூருக்கு நடந்துபோய் நானே பஸ் ஏறினேன். சொன்னால் உன் மாமனார் இந்த வயதில் மாமியார் ஊர் சுற்றுகிறாள் என்று அதற்கும் உனக்கு ஒரு கடிதம் போடுவார்.

வித்துராவில் இறங்கினால் சேறு முழங்காலுக்கு. என் மலையாளம் கடைத்தெரு மலையாளம். காணிக்காரர் பேச்சு அதற்கும் எட்டவில்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற திரவியம் என்று ஒருத்தி உப்பு வாங்க மலையிறங்கி வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நான் புலம்பிய தமிழைக் கேட்டுவிட்டு வந்து, “ஆச்சி எந்த ஊரு? ஏன் இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிய?” என்று கையைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளே ஒரு காணிக்காரியிடம் கூட்டிப் போனாள். அந்தப் பெண் எந்தத் தீனத்துக்கு என்று மட்டும் சைகையால் கேட்டாள். நான் கண்ணைக் காட்டி, மஞ்சள் விற்கிற கடையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, இலைப் பொதியை அவிழ்த்து, மண் காயாத நிலமாங்காய் ஒரு கை நிறைய எடுத்து வைத்தாள். ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. பஸ் போய்விடுமே என்று அழவில்லை.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். நடையில் உன் மாமனார் நிற்கிறார். பொன்னம்மை அழுகிறாள். பின்முற்றத்தில் புற்று இல்லை.

மழையில் இடிந்திருக்கிறது. உள்ளே கரையான் இல்லாத வெறும் கூடு, ஊறி உட்கார்ந்துவிட்டது. நடுவில் பெரிய பள்ளம். அதன் பக்கத்தில் மண்வெட்டி கிடந்தது. முந்தின நாள் மழைத் தண்ணீர் வடிய நான் சால் வெட்டிவிட்டு அங்கேயே போட்ட மண்வெட்டி. என் கையில் மண் காயாத நிலமாங்காய். நானே பார்த்திருந்தாலும் இவள்தான் தோண்டினாள் என்று சொல்லியிருப்பேன்.

நான் தோண்டவில்லை மக்களே.

பஸ் சீட்டைக் காட்டினேன். விடியுமுன் தோண்டிவிட்டு, ஊரை ஏய்க்க பஸ் ஏறியிருக்கலாமே என்கிறார் உன் மாமனார். ஆசானைக் கேளுங்கள் என்றேன். ஆசான் உங்கள் ஆள்தானே என்கிறார். படித்த வாத்தியார், எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாகீரதி என்னைக் கூப்பிட்டாள். கோபித்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கோபிக்கவில்லை. “அத்தை, நீங்க எனக்காகத்தான் செஞ்சிருப்பியோ, எனக்குத் தெரியும். ஆனா எடுத்தது எடுத்ததுதானே? அதை நான் குடிச்சா பிள்ளைக்கல்லா வந்து விழும்” என்றாள். நான் வித்துரா கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “பொன்னம்மை தலையிலே கை வெச்சுச் சொல்லுங்கோ. இப்பமே குடிக்கேன்” என்றாள்.

பொன்னம்மை நடைவாசலில் நின்றாள். வா என்று கூப்பிட்டால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. என் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அதைப் பாகீரதி பார்த்துவிட்டாள். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் மாமனார் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், வழக்கு தீர்ந்துவிட்டது.

உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். முத்தாரம்மாள். அவள் எப்படிப் போனாள் என்று நான் சொன்னதில்லை. உன் அப்பாவைப் பெற்றவள், என் மாமியார், ஒரு வெண்கல உருளியைக் காணோம் என்று என்மேல் பழி போட்டாள். என் அம்மை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேனாம். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய் என்றாள். நான் எடுக்கவில்லை என்பதால் தயங்கவே இல்லை, முத்தாரம்மாள் தலையில் கை வைத்து அடித்தேன். இப்போதும் அந்த உச்சந்தலையின் சூடு என் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டாள். உருளி பிறகு நெல் கொட்டுகிற பத்தாயத்துக்குப் பின்னால் கிடைத்தது. என் மாமியார் அதில் பாயசம் வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவள் செத்து இத்தனை காலமாகியும் நான் அவளுக்கு ஒரு சொட்டு எள்ளும் தண்ணீரும் மனதாரக் கொடுத்ததில்லை. சத்தியம் மெய்யோ பொய்யோ, பிள்ளையின் தலையை அதில் வைக்கக்கூடாது. நான் இனி வைக்கமாட்டேன்.

இதை ஏன் பாகீரதியிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். தன் பிள்ளைக்கு என்ன வருமோ என்று பயந்துதான் அவள் மருந்து குடிக்காமல் கிடக்கிறாள். மெய்ச் சத்தியம் செய்த வீட்டிலும் பிள்ளை செத்தது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

தினமும் காலையில் குளித்துவிட்டு நிலமாங்காயைக் கல்லில் பால் விட்டு உரைக்கிறேன். சந்தனம் போல வருகிறது. தலைமாட்டில் வைக்கிறேன். மத்தியானம் ஆடை கட்டி அப்படியே இருக்கிறது. எடுத்துத் தென்னைமூட்டில் ஊற்றுகிறேன். நேற்று அவள் பேச்சு கொஞ்சம் குழறியது. சுசீலாபாய் வீட்டில் நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

அம்மை பொய் சொல்லமாட்டாள் என்று அவளுக்கு எழுது. வேறு ஒன்றும் வேண்டாம். நான் கோபக்காரி, பழி மறக்காதவள், உன் கடிதத்தில் எழுதினாயே அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் நான் பொய் சொல்லி நீ கேட்டதுண்டா? அதை மட்டும் எழுது. மாமனாருக்கு இல்லை, அவளுக்கு.

அம்மை

*

சாலை, திருவனந்தபுரம்
ஆடி பிறந்துவிட்டது

என் மகன் சிரஞ்சீவி ஆறுமுகநயினாருக்கு, இதைத் தனியாக இருந்து படிக்கவேண்டும் என்று அம்மை எழுதுவது.

உன் பதில் வரவில்லை. தபால் வண்டி மழையில் எங்கே நிற்கிறதோ, நீதான் எழுதவில்லையோ, எனக்குத் தெரியாது. தபால்காரன் சந்துக்குள் திரும்புகிறானா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து கால் வீங்கிவிட்டது. நிலமாங்காய் தேய்ந்துகொண்டே வந்தது. பாகீரதிக்கு ஒருநாள் காலையில் என்னை அடையாளம் தெரியவில்லை. “அம்மா” என்று என்னைக் கூப்பிட்டாள். அவளைப் பெற்றவள் அவளுடைய சின்ன வயதிலேயே போனவள்தானே. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, “அத்தையா” என்றாள். அப்புறம் நான் உன் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை.

அன்றைக்கு டாக்டரும் வந்தார். அவரைத் தனியே நிறுத்தி நிலமாங்காயைப் பற்றிக் கேட்டேன். ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதில் குணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சோதித்துப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கொடு என்று நான் சொல்லமாட்டேன்” என்றார். கொடுக்காதே என்றும் அவர் சொல்லவில்லை. நான் கவனித்துக் கேட்டேன், அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அவள் மனதில் இருக்கும் முடிச்சு எது என்று யோசித்தேன். புற்றைத் தோண்டினால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு, நாகருக்குப் பாலும் மஞ்சளும் செலுத்தி மன்னிப்புக் கேட்டால் தீரும். ஆனால் தோண்டினவள் ஒத்துக்கொண்டு தன் பேரைச் சொல்லிச் செய்யவேண்டும். நான் இல்லை இல்லை என்று நிற்கிறவரை பரிகாரத்துக்கு ஆளில்லை. ஆளில்லாத தோஷம் வீட்டில் நின்று பிள்ளையைப் பார்க்கிறது என்று அவள் கிடந்து துடிக்கிறாள். என் மெய்தான் அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஈரத்தலையோடு அவள் கட்டிலண்டை போனேன். உன் மாமனாரையும் வரச் சொன்னேன், கதவைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “நான்தான் தோண்டினேன். வித்துரா போனது உங்களை ஏமாத்தத்தான். பரிகாரம் செய்யப் போறேன். வந்து பாத்துக்கிடுங்கோ” என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பமாவது மனசு வந்துதே சம்மந்தி” என்றார். அந்த ‘இப்பமாவது’ இருக்கிறதே, அதை நான் விறகில் வைக்கிறவரை மறக்கமாட்டேன். ஆனாலும் அவரையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அரசமரத்தடி நாகர் சன்னிதியில் பூசை செய்கிற போத்தி பேரும் நட்சத்திரமும் கேட்டார். பகவதி, திருவாதிரை என்றேன். பேரன் பேத்தி பேரெல்லாம் சேர்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் பேர் மட்டும் போதும், செய்தவள் நான், வருவது என்னோடு நிற்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். உன் மாமனாருக்குக் கேட்கவேண்டுமே. அவர் கேட்டார். திரும்பி வரும்போது வழுக்குகிறது என்று எனக்குக் குடை பிடித்தார். நான் நனைந்துகொண்டே கொஞ்சம் முன்னால் நடந்தேன்.

நாகருக்குத் தெரியும் நான் தோண்டவில்லை என்று. பொய் சொன்னதற்கு வேண்டுமானால் என்னிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிரசாத மஞ்சளைப் பொன்னம்மை நெற்றியில் உன் மாமனார் கையாலேயே இடவைத்தேன். பாகீரதி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உரைத்து வைத்ததைக் கொண்டுபோனேன். தம்ளரை அவள் வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் எலும்பும் மஞ்சளும்தான் இருக்கிறது. “அத்தை, உங்களுக்கு ஒண்ணும் வந்திரப்பிடாதே” என்றாள். கண்ணீர் காதுப் பக்கமாய் ஓடியது. இவள் எனக்காக அழுது நான் கண்டதில்லை. வந்த புதிதில் ஓணத்துக்கு எல்லோருக்கும் இலை போட்டு எனக்கு மறந்தாளே, அதைக்கூட நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. “வந்தா வரட்டும், நீ குடிட்டீ” என்று அதட்டினேன். குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். மீதி அடியில் நின்றதையும் விரலால் வழித்து நாக்கில் தடவினேன்.

அன்றிலிருந்து தினமும் குடிக்கிறாள். குளுக்கோஸும் குடிக்கிறாள். கண்ணில் மஞ்சள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேச்சு குழறவில்லை. நேற்று மத்தியானம் கஞ்சி கேட்டாள். உப்புப் போட்ட கஞ்சி, கூட ஒரு சுட்ட பப்படம். பப்படம் கொடுக்கவில்லை, கஞ்சி கொடுத்தேன். பாதிக் கிண்ணம் இறங்கியது. குளுக்கோஸ் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நிலமாங்காய் பிடித்துவிட்டது என்று ஆசான் சொன்னார். பரிகாரம் பலித்தது என்று உன் மாமனார் சொல்லி, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பாதிக் கிண்ணம் போதும். ஆனால் இன்னும் நிம்மதி இல்லை. ராத்திரி அவள் மூச்சு மாறுகிறதா என்று கதவோரம் படுத்துக் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். மருந்து இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். மழை விட்டால் மறுபடி வித்துரா போகவேண்டும். இந்தத் தடவையும் ஊரறியப் போகமுடியாது. பெருமாள் கோவிலுக்கு என்று சொல்லிப் போவேன். ஒரு பொய் சொன்னபிறகு அடுத்தது எளிதாக வருகிறது, பார்த்தாயா.

உன் மாமனார் கடிதம் இதற்கு முன்னாலோ பின்னாலோ உனக்கு வரும். உன் அம்மை புற்றைத் தோண்டினாள், ஒத்துக்கொண்டாள், நானே சாட்சி என்று எழுதியிருப்பார். ஊரும் அதைத்தான் சொல்கிறது. சுசீலாபாய் நேற்று என்னைக் கண்டு பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். போகட்டும்.

முன் கடிதத்தில் நான் கேட்டதை எழுதாதே. அம்மை பொய் சொல்லமாட்டாள் என்று இப்போது நீ எழுதினால் எல்லாம் கெட்டுப்போகும். அம்மை தோண்டியது தப்புத்தான், பரிகாரம் செய்துவிட்டாள், நீ பயப்படாமல் மருந்தைக் குடி என்று அவளுக்கு எழுது. என்னை நாலு வார்த்தை திட்டியும் எழுது, அவளுக்கு நம்பிக்கை வரும். அவள் நன்றாக எழுந்து நடமாடிய பிறகும் சொல்லாதே. நான் போன பிறகும் சொல்லாதே.

நீ ஒருத்தன் அறிந்திருக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். நான் தோண்டவில்லை. மழைதான் இடித்தது. நம்புகிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. படித்துவிட்டு இதைக் கிழித்துப் போடு.

நீ நூறு வயது இருக்கவேண்டும். உன் பெண்டாட்டி பிள்ளை உன் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்கென்று நான் சாமியிடம் ஒன்றும் கேட்பதில்லை. இப்போது கேட்கிறேன், அவளுக்கு வரவேண்டியது ஏதாவது இருந்தால் திருவாதிரை நட்சத்திரத்துப் பகவதிக்கு வரட்டும் என்று. பேர் கொடுத்திருக்கிறேன், நாகருக்கு ஆள் தெரியும்.

லீவு கேட்டு வா மக்களே.

அம்மை